நான் எங்கேயும் போகவில்லை

என் நெஞ்சின் மேல் இதுவரை யாரும் ஏறி உட்கார்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் உட்காரவில்லை, பிசாசு உட்காரவில்லை, வயசுப் பெண்களாகப் பார்த்துப் பிடிக்கும் காட்டேரி எதுவும் உட்காரவில்லை. கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ஆத்மா உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு எந்த ஊருக்கும் கிளம்பிப் போனதும் இல்லை. இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிற்று. இந்த வயதிலும் சொல்லவேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

போன மாதம் என் தங்கையின் பேத்தி ஒருத்தி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு இளைஞன் கண்ணை மூடி உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தான். தூக்கத்தில் திடீரென்று விழிப்பு வந்து கை கால் அசைக்க முடியாமல் போகிறதா? பயப்படாதீர்கள், அதுதான் வாசல், அப்படியே வெளியே மிதந்து போங்கள், எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்றான். இவளுக்கும் அப்படி வருகிறதாம். ட்ரை பண்ணலாமா என்று என்னைக் கேட்டாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "நீ மல்லாந்து படுத்திருந்தியா?" ஆமாம் என்றாள். அவளுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் போன் அடிக்கும்.

எங்கள் ஊர் நகரிக்கும் விஜயபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். அப்போது ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் மதராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போனது. நான் நகரியில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படித்த பெண் நான்தான். பள்ளி இறுதிப் பரீட்சை எழுதியதும் சித்தூரில் வாத்தியார் ட்ரெய்னிங்குக்கு அனுப்புவதாக என் நைனா வாக்குக் கொடுத்திருந்தார். என் தகப்பனாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் நான் காலையில் சாணி வாரியதும், சாயங்காலம் மாடு கட்டியதும், நடுவில் நகரிக்கு நடந்து போய் வந்ததும்.

முதல் தடவை அது வந்தது கடைசி வகுப்புக்கு முந்திய கோடை முடிகிற சமயத்தில். வீட்டில் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். விதைக்கு என்றால் பருப்பின் தோல் கூடக் கிழியாமல் கையாலேயே உரிக்கவேண்டும். காலையிலிருந்து உரித்து விரல் நுனியெல்லாம் எரிந்தது. மத்தியானம் களி தின்றுவிட்டுக் கூடத்தில் தரையிலேயே மல்லாந்து விழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்து விழிப்பு வந்தது. கண் திறந்திருந்தது. ஓடு தெரிந்தது, கொல்லைக் கதவு தெரிந்தது, அம்மா வெளியே முறத்தில் புடைக்கிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கை வரவில்லை, கழுத்து வரவில்லை. மூச்சு மட்டும் தானாகப் போய் வந்தது, அதுவும் கொஞ்சம்தான். நெஞ்சில் நெல் மூட்டையைப் போட்ட மாதிரி கனம். குதிருக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது, ஆனால் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப முடியவில்லை. "அம்மா" என்று கத்தினேன். கத்தியது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அம்மா புடைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு பயந்தேன் என்று இன்று சொன்னாலும் உடம்பு சிலிர்க்கிறது. கடைசியில் கால் கட்டைவிரல் ஒன்று அசைந்தது. உடனே எல்லாம் விட்டுப்போனது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அமுக்குப் பேயிதான். கொல்லப் பக்கம் தலைய விரிச்சிப்போட்டுக்கினு போயிருப்ப. எத்தினி தபா சொல்றது?"

அன்றைக்கே என் படுக்கைக்கு அடியில் கத்தி வந்தது. தலைமாட்டில் துடைப்பம். அதுவும் போதாது என்று நைனாவின் பழைய செருப்பு ஒன்று. செருப்பு நாற்றத்துக்குப் பேய் ஓடுமாம். பேய் ஓடியதோ இல்லையோ, என் தூக்கம் ஓடிவிட்டது. நைனாவின் அண்ணன், எங்கள் பெரிநைனா, ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர், அவர் வந்து வேறு வைத்தியம் சொன்னார்: "கட்டிக் குட்த்துட்டா செரியாப் பூடும்." எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செருப்பை எடுத்துத் தெருவில் போட்டேன். அதற்கு அம்மாவிடம் முதுகில் ஒரு அடி வாங்கினேன்.

ஆனால் பயத்தோடு உட்கார்ந்துகொண்டே இருக்க எனக்குப் பொறுமை இல்லை. எப்போது வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். மல்லாந்து படுத்தால் வந்தது, ஒருக்களித்துப் படுத்தால் வரவில்லை. அலுத்துப்போய் மத்தியானம் தூங்கினால் வந்தது. முந்தின ராத்திரி சரியாகத் தூங்காவிட்டால் வந்தது. கத்தி இருந்தாலும் வந்தது, இல்லாவிட்டாலும் வந்தது. மல்லாந்து படுத்தால் மட்டும் பிடிக்கிற பேய் என்ன பேய்? அதை அம்மாவிடம் கேட்டேன். "வாயப் பாரு" என்றாள். எங்கள் வீட்டில் என் கேள்விகளுக்கெல்லாம் அதுதான் பதில்.

அறுப்புக் காலத்தில் பெரிநைனா திருப்பதியிலிருந்து ஒரு சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம் வைத்திருந்தவர். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். நான் வேப்பிலை அடிக்குத் தயாராகத்தான் போய் நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, "எப்பிடி இருக்குதும்மா, சொல்லு" என்று கேட்டார். அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"இதி தெய்யம் காதம்மா. பேயும் இல்ல பிசாசும் இல்ல. இது யோகம். உன் சூட்சும சரீரம் வெளிய கெளம்புது, நீ பயந்துபோயி உள்ள இழுக்கற. அதான் அந்தக் கனம். அடுத்த தபா சண்ட போடாத. தோலுக்குள்ளயிருந்து பருப்பு நழுவற மாதிரி நழுவிப் பாரு."

அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது. பொய் சொல்லமாட்டேன். பேய் பிடித்த பெண் என்ற பெயரை ஒரே வார்த்தையில் எடுத்துவிட்டாரே.

அவர் சொன்னபடியே செய்தேன். அடுத்த முறை கை காலைக் கட்டிப்போட்ட மாதிரி அந்தக் கட்டு விழுந்ததும் கத்தவில்லை, முட்டவில்லை. நழுவினேன். நழுவ முடிந்தது! உடம்பு லேசானது. மேலே போனேன். கூடத்தில் நான் படுத்திருப்பதை நானே பார்த்தேன், பாவாடை ஓரத்தில் கிழிசல் தெரிந்தது. ஓட்டுக் கூரையைத் தாண்டினேன், வெயில் சுடவில்லை. கூரை முகட்டில், இரண்டு ஓட்டுக்கு நடுவில் ஒரு பித்தளைச் சொம்பு கவிழ்ந்து கிடந்தது. தூரத்தில் நகரி மலையின் மூக்கு மாதிரியான பாறை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, அப்புறமும் வந்ததில்லை. விழித்ததும் அழுதேன்.

அழுது முடித்துவிட்டு ஏணியை எடுத்துப் போட்டுக் கூரை மேல் ஏறினேன். சொம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான். முகடு முழுக்க ஊர்ந்து தேடினேன். ஒரு உடைந்த ஓடு, காய்ந்துபோன அணில் கூடு, வேறொன்றும் இல்லை. அம்மா கீழேயிருந்து கூப்பாடு போட்டாள். எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. ஆனால் தெளிவாகவும் போய்விட்டது. நான் வெளியே போகவில்லை. படுத்துக்கொண்டே கூரையைக் கனவு கண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுபடி சாமியார் வந்தபோது சொம்பு இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது இந்த ஒலகத்துச் சொம்பு இல்லம்மா. சூட்சும ஒலகத்துச் சொம்பு."

அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை கழன்றது. இருந்தால் நான் போனேன் என்று அர்த்தம், இல்லாவிட்டாலும் போனேன் என்று அர்த்தம். இப்படி ஒரு பக்கமாகவே ஜெயிக்கிற ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன் என்று எழுந்து போய்விட்டேன். பெரிநைனா மட்டும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூரை மேல் பறந்த கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். சொம்பு இல்லாத கதையை அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் எல்லைப் பேச்சு முற்றிப்போயிருந்தது. மதராஸ் பக்கம் போனால் பிள்ளைகள் தமிழிலேயே படிக்கலாம் என்று பாதி ஊர். இங்கேயே நின்றால்தான் புத்தூர் சந்தையும் சித்தூர் கோர்ட்டும் கிட்டத்தில் இருக்கும் என்று மீதி ஊர். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஆபீசர்கள் ஜீப்பில் வந்து சர்க்கார் பங்களாவில் தங்கிவிட்டுப் போனார்கள். மேப்பில் சிவப்புக் கோடு போட்டாயிற்று, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், வெளியே சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதுதான் ஊரைப் பிடித்து ஆட்டியது. அம்மன் கோயிலில் பூ கட்டிப் போட்டுக் கேட்டார்கள். ஒரு நாள் வெள்ளைப் பூ வந்தது, மறுநாள் சிவப்புப் பூ வந்தது.

அப்போது பெரிநைனாவுக்குத் தோன்றியிருக்கிறது: நம்ம வீட்டிலேயே உடம்பை விட்டுப் போய் வருகிற பெண் இருக்கும்போது பூவை எதற்குக் கேட்கவேண்டும்? அவளைப் படுக்கவைத்து, பங்களாவுக்கு அனுப்பி, பெட்டிக்குள் இருக்கும் மேப்பைப் பார்த்துவரச் சொன்னால் ஆயிற்று. சிரிக்காதீர்கள். மணியக்காரர் ஒப்புக்கொண்டார். நாலு எழுத்துப் படித்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். திருப்பதிக்கு ஆள் போய்ச் சாமியார் வந்தார். நான் மாட்டேன் என்றேன். நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு தபாம்மா. ஊருக்கோசரம். அப்பால சித்தூரு போயி நிம்மதியாப் படி" என்றார். பரீட்சை எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சமயம். சித்தூர் என்ற பேரைச் சொன்னால் நான் எதற்கும் மடங்குவேன் என்று அவருக்குத் தெரியும். தலையாட்டினேன்.

சித்திரை வெயில். மத்தியானம் எனக்கு அரிசிச் சோறும் வெல்லப் பாயசமும் போட்டுத் தின்னச் சொன்னார்கள். விருந்தாளிக்குப் போடுகிற கோரைப்பாயைக் கூடத்தில் விரித்து, மல்லாந்து படுக்கவைத்தார்கள். சாமியார் தலைமாட்டில், பெரிநைனாவும் மணியக்காரரும் கால்மாட்டில், நைனா கதவோரம், வாசலில் இன்னும் ஐந்தாறு ஆண்கள். வயசுப் பெண் தூங்குவதை ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து பார்க்கிறார்களே, இது ஒரு வெட்கக்கேடு என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன். தூங்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் முந்தின ராத்திரி யோசனையில் தூங்கியிருக்கவில்லை, வயிறு நிறைந்திருந்தது, வெயில் வேறு. தூங்கிப்போனேன்.

விழிப்பு வந்தபோது கட்டு விழுந்திருந்தது. கண் பாதி திறந்து ஓடு தெரிந்தது. சாமியாரின் குரல் தலைக்கு மேல் கேட்டது.

"போயிட்டா. இப்ப இங்க கெடக்கறது வெறும் சட்ட. யாரும் தொடாதீங்க. உடம்புக்கும் ஆத்மாவுக்கும் நடுவுல ஒரு வெள்ளி நூல் கீது. தொட்டா அறுந்துடும், அப்பால அவ திரும்பி வர வழியில்ல."

"நம்ம பேசறது அவளுக்குக் கேக்குமா சாமி?" இது மணியக்காரர்.

"காது இங்க கீது. கேக்கறவ இங்க இல்ல."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தினேன், வழக்கம்போல அது வெளியே வரவில்லை. பெரிநைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நைனாவிடம் பேச ஆரம்பித்தார்.

"அப்ப இத்த இப்பவே பேசி முடிச்சிடலாம்டா. இனிமே இன்னாத்துக்கு அவளுக்குப் படிப்பு? சாமி மடத்துல உட்டுடலாம். நாலு ஊர்லயிருந்து ஜனங்க வந்து வாக்குக் கேப்பாங்க. நம்ம வம்சத்துக்கே பேரு."

"சித்தூரு அனுப்பறேன்னு சொல்லிகீறேன்ணா. அழுது ஊரக் கூட்டுவா."

"சித்தூருன்னே சொல்லு. புத்தூர்ல வண்டி மாறக்கொள்ள திருப்பதி பஸ்ல ஏத்திக்கினு போ. வெயில்ல போனா தூங்கிடுவா. முழிச்சிக்கறப்ப மடத்து வாசல்ல இருப்பா."

நைனா இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியவில்லை. எந்தப் பேயும் என்னை அவ்வளவு நேரம் அமுக்கியதில்லை.

"செரி," என்றார் நைனா. "ரிசல்ட்டு வரட்டும். அப்பத்தான் நம்புவா."

கை வரவில்லை, வாய் வரவில்லை, கட்டைவிரல் கூட வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. காதுக்குள் வழிந்தது. அந்த நேரத்தில்தான் அம்மா சாமியாருக்கு மோர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இவர்கள் பேசியது அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, இவ கண்ல தண்ணி வருது."

"அது உடம்பு நீரும்மா," என்றார் சாமியார். "ஆத்மா இல்லாத கண்ணு."

"இல்ல சாமி. அது அழுவுது. எனக்குத் தெரியாதா?"

"ஒத்தம்மா, ஒத்து! தொடாத! நூல் அறுந்துடும்!" பதற்றத்தில் சாமியாருக்குத் தெலுங்கு வந்துவிட்டது.

பெரிநைனா எழுந்து குறுக்கே நின்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அன்றைக்கு மோர்ச் சொம்பை அவர் கையிலேயே திணித்தாள்.

"அறுந்தா நான் முடி போட்டுக்கறேன். நகருங்க."

என் தோளில் கை போட்டுத் தூக்கி உட்காரவைத்து உலுக்கினாள். கட்டு விட்டது. மூச்சு முழுசாக வந்தது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் செத்துப்போகவில்லை என்றதும் மணியக்காரர்தான் முதலில் கேட்டார்: "எங்கம்மா போன? கோடு எங்க கீது? நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

"நான் எங்கயும் போவல. இங்கயேதான் கெடந்தேன்."

சொல்லிவிட்டு நைனாவைப் பார்த்தேன். சட்டை என்றது, காது இங்கே என்றது, மடம், வாக்கு, புத்தூர், திருப்பதி பஸ், ரிசல்ட்டு வரட்டும், அப்பத்தான் நம்புவா, ஒரு வார்த்தை விடாமல் வரிசையாகச் சொன்னேன். அம்மா என்னைப் பிடித்திருந்த பிடி இறுகியது. நைனா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சாமியாரின் முகம் பிரகாசமாகிவிட்டது.

"பாத்தீங்களா! பங்களாவுக்குப் போவாம இங்கயே ஒசரத்துல நின்னுக்கினு கேட்டிருக்கா. மொத தபா தூரம் போவாது. உடம்புல இருந்தா இதெல்லாம் எப்பிடிக் கேக்கும்?"

மணியக்காரர் தலையாட்டினார். பெரிநைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதைவிட உண்மையாக ஒரு மனுஷி எதைச் சொல்ல முடியும்? அந்த உண்மையையும் எடுத்துத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்களே! இனி அழுதாலும் யோகம், கத்தினாலும் யோகம், மடம் நிச்சயம் என்று தெரிந்தது. அப்போது வந்த ஆத்திரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

"செரி சாமி," என்றேன். "நான் வெளிய போறேன்னே வெச்சிக்குங்க. அப்ப எங்க வோணாலும் போவேன் இல்ல? சாத்தின கதவு, செவுரு, எதுவும் தடுக்காது இல்ல?"

"தடுக்காதும்மா."

"யாருக்கும் தெரியாம நின்னு பாக்கலாம், கேக்கலாம்?"

"தாராளமா."

"அப்ப மேப்பு கெடக்கட்டும். நாளைக்கு மத்தியானம் மொதல்ல மணியக்காரரு வூட்டுக்குப் போறேன். அவுரு கதவச் சாத்திக்கினு இன்னா பண்றாரு, யாருகிட்ட இன்னா பேசறாருன்னு பாத்துக்கினு வரேன். மறுநாளு பெரிநைனா. அவுரு ஏரிக்கரை கொட்டாய்க்குப் போறப்ப பின்னாலயே போறேன். அப்பால வாசல்ல நிக்கறாங்களே, ஒவ்வொருத்தர் வூடும். கடைசில திருப்பதி மடம், சாமியோட ரூமு. எல்லாம் பாத்துட்டு வந்து ஞாயித்துக்கெழம கோயில் மரத்தடில நின்னு பொம்பளைங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற ஆண்களில் ஒருத்தர் செருப்பைத் தேடினார். இன்னொருத்தருக்கு மாடு ஞாபகம் வந்துவிட்டது. மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சின்னப் புள்ள, வெயிலு, இன்னாவோ கனா கண்டுகீது. போயி மோர் குடுத்துப் படுக்க வையிங்க" என்றார். பெரிநைனா கையில் மோர்ச் சொம்போடு நின்றார். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏரிக்கரைக் கொட்டாயில் அவருக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குருட்டாம்போக்கில் சொன்னதுதான். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் ஏதோ இருந்திருக்கவேண்டும். சாமியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, மடத்துக்குச் சரிப்படாது என்று தீர்ப்புச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: அந்தப் பெண்ணுக்குப் பேயும் இல்லை, யோகமும் இல்லை, வெறும் தூக்கம்தான். நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கோடு பிறகு ஒரு நாள் விழுந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். அதைத் தெரிந்துகொள்ள யாரையும் தூங்கவைக்க வேண்டியிருக்கவில்லை, பேப்பரில் போட்டார்கள். வெகுகாலம் கழித்து ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கிச் சொன்னார். கனவில் ஓடுகிறவன் பாயைவிட்டு ஓடிவிடாமல் இருக்கத் தூக்கத்தில் உடம்பு தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்ளுமாம். சில சமயம் மனசு முந்தி விழித்துக்கொள்கிறது, கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கனவும் கூடவே ஓடுவதால்தான் குதிருக்குப் பக்கத்தில் ஆள் நிற்பதும், கூரைக்கு மேலே மிதப்பதும். இரண்டும் ஒரே சரக்கு. பயந்தால் பேய், பயப்படாவிட்டால் பயணம்.

போனோடு வந்தவளே, உனக்குச் சொல்கிறேன். ஒருக்களித்துப் படு. கட்டு விழுந்தால் கட்டைவிரலை அசை. மிதக்க வந்தால் மிதந்துவிட்டு வா, நன்றாகத்தான் இருக்கும், நானே சொல்கிறேன். ஆனால் நீ கண் திறந்து படுத்திருக்கும்போது, நீ அங்கே இல்லை என்று எவனாவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே. உன்னை இல்லை என்று சொல்லிவிட்டால் உன்னை வைத்து எதையும் முடிவு செய்யலாம்.

ரிசல்ட்டு வந்தது. பாஸ். அம்மா நைனாவிடம் மூன்று வாரமாகப் பேசாமல் இருந்தவள், அன்றைக்கு வாய் திறந்து, "சித்தூரு" என்று ஒரே வார்த்தை சொன்னாள். நைனாதான் கூட்டிக்கொண்டு போனார். டிரங்குப் பெட்டியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு வந்தார், என்னைத் தூக்கவிடவில்லை. புத்தூரில் இறங்கினோம். சித்தூர் பஸ் ஒரு பக்கம் நின்றது, திருப்பதி பஸ் ஒரு பக்கம் நின்றது. நைனா சித்தூர் பஸ்ஸைக் காட்டினார். நான் முன்னால் போய்த் தெலுங்கில் எழுதியிருந்த போர்டை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தேன். அது போதாமல் டிரைவரிடம் கேட்டேன். அதுவும் போதாமல் கண்டக்டரிடம் கேட்டேன். நைனா பெட்டியோடு வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் கிளம்பியது. கார்வேட்டிநகரம் தாண்டியதும் அனல் காற்று. விடியலுக்கு முன்னால் எழுந்ததில் எனக்குக் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா அதைப் பார்த்துவிட்டார்.

"தூங்கும்மா. ஊரு வந்தா நான் எழுப்பறேன்."

அவர் மேல் எனக்கு அந்த நிமிஷம் அவ்வளவு பாசம் வந்தது. அவர் தோளில் சாய்ந்துவிடலாம் போல இருந்தது.

"வோணாம் நைனா," என்றேன். "நான் முழிச்சிக்கினே வரேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தூர் வரைக்கும் இரண்டு பேரும் தூங்கவில்லை.